தனியார் கோல்ஃப் கிளப்: வெளியாளை ஆட விடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது, வெட்டாமல்:

"இருபது வருடமாக இங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் மெம்பர். நுழைவுக் கட்டணம் கட்டினேன், மாதாமாதம் சந்தா கட்டுகிறேன், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் குறைந்தபட்ச பில் கட்டுகிறேன். போன ஞாயிறு காலை ஆறரைக்குப் போனால் முதல் டீயில், அதாவது முதல் அடி அடிக்கிற இடத்தில், பெங்களூர் கம்பெனிக்காரர்கள் எட்டுப் பேர். அன்றைக்கு மட்டும் பணம் கட்டி ஆட வந்தவர்கள். அவர்கள் போகும் வரை நான் நிற்க வேண்டுமாம். தனியார் கிளப் என்றால் தனியார்தானே? நம் வீட்டு ஊஞ்சலை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவோமா? நீங்கள் ஸ்காட்லாந்தில் இருக்கிறீர்கள், அங்கே எப்படி? இன்னொன்று, ஜூனில் மகளைப் பார்க்க எடின்பரோ வருகிறேன். எங்கெல்லாம் ஆடலாம்?"

மே 3, 2025, சனி

சார், கேள்வியின் முதல் பாதியை எழுதியவரும் கடைசி வரியை எழுதியவரும் ஒரே ஆள்தானா? நம் வீட்டு ஊஞ்சலை வாடகைக்கு விடக் கூடாது, ஊரார் வீட்டு ஊஞ்சலில் மட்டும் ஆட வேண்டும்!

கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. கோல்ஃப் ஆடுகிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு, எனக்கும் உண்டு. பதினான்கு வருடமாக ஃபைஃப் கடலோரத்தில் இருக்கிறேன். இங்கே ஒரு சின்ன கிளப்பில் ஒன்பது வருடமாக மெம்பர், அதில் இரண்டு வருடம் கமிட்டியில் உட்கார்ந்து முதுகுவலி வாங்கியிருக்கிறேன். அதற்கு முன் ஐந்து வருடம் வெறும் வெளியாள்.

இங்கே வழக்கம் என்னவென்றால், தனியார் கிளப் என்றாலும் வெளியாளுக்கு ஏதாவது ஒரு கதவு இருக்கும். மிக இறுக்கமான கிளப் என்று பெயர் வாங்கிய மியூர்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எடின்பரோவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. உலகிலேயே முதன்முதலாக 1744-ல் 13 விதிகளை எழுதி வைத்து ஆடிய கூட்டம் அது. பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெரிய போட்டி அங்கே 16 தடவை நடந்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட இடத்திலும் பல காலமாகச் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வெளியாட்களுக்கு உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், பையில் கனமாகப் பணம் வேண்டும். அவ்வளவுதான், சிபாரிசு வேண்டாம். இதே தரத்தில் அமெரிக்காவில் ஒரு கிளப் என்றால், மெம்பர் யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் உண்டு. அங்கே அகஸ்டா கிளப்பின் வாசலில் எவ்வளவு பணத்தை நீட்டினாலும் கதவு திறக்காது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: விடலாம், விட வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்பதில் வேண்டுமானால் சண்டை போடலாம். ஞாயிறு காலை ஆறரைக்கு எட்டுப் பேரை விட்டது உங்கள் கிளப் செயலாளரின் மடத்தனம். கொள்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மே 3, இரவு

மியூர்ஃபீல்ட் மதியச் சாப்பாட்டைச் சொல்ல விட்டுவிட்டேன். காலையில் 18 ஹோல், அதாவது 18 குழி ஆட்டம், அப்புறம் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு சாப்பாட்டு அறை, அப்புறம் மத்தியானம் ஃபோர்சம்ஸ், அதாவது இரண்டு பேருக்கு ஒரு பந்து, மாறி மாறி அடிப்பது. வெளியாளுக்கும் அதே முறைதான். கோட் இல்லையென்றால் சாப்பாட்டு அறைக்குள் போக முடியாது.

இதைச் சொன்னதும் வீட்டில் கேட்டார்கள், "வேட்டி கட்டிக்கொண்டு போனால்?" நல்ல கேள்வி. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. ஒரே மாதத்தில் சட்டமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது. வேட்டிக்கு ஒரு மாதத்தில் வழி பிறந்தது. மியூர்ஃபீல்டில் பெண்கள் மெம்பராக 2019 வரை ஆனது.

மே 4, ஞாயிறு

அந்த 2019-ஐப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "2016-ல் பெரும்பான்மை எதிராக ஓட்டுப் போட்டது" என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதினேன். தப்பு. 64 சதவீதம் பேர் பெண்களைச் சேர்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியால் தோற்றது. உடனே ஓப்பனை நடத்துகிற ஆர் அண்ட் ஏ, இனி அங்கே ஓப்பன் நடக்காது என்று அறிவித்தது. அடுத்த வருடம் மார்ச்சில் மறுபடி ஓட்டு, 80 சதவீதம் ஆதரவு. 2022-ல் பெண்கள் ஓப்பனே அங்கே நடந்து, தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி பூஹாய், ஆட்டம் சமனாகி அதன் பிறகு நடந்த பிளேஆஃபில் ஜெயித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்கள் அங்கே ஆடுவதற்கு அதற்கு முன்னாலும் தடை இல்லை. வெளியாளாக வந்து காசு கட்டி ஆடலாம். மெம்பராகத்தான் முடியாது. அப்படியானால் வெளியாளை விடுகிற கிளப் எல்லாம் பரந்த மனசுள்ள கிளப் என்று நேற்று நான் எழுதிய தொனி சரியில்லை. வாசல் திறந்திருப்பது வேறு, இலை போட்டு உட்கார வைப்பது வேறு.

மே 6, செவ்வாய்

என் முதல் வெளியாள் அனுபவம். 2011 செப்டம்பர், இங்கே வந்து இரண்டு மாதம். பழைய பையில் ஏழு மட்டை, அதில் ஒன்றுக்குப் பிடி உரிந்து டேப் சுற்றியிருக்கும். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் ஒரு கிளப், பெயர் வேண்டாம். உள்ளே போய் "இன்றைக்கு ஆடலாமா?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "யாருடைய விருந்தாளி?" என்றார். யாருடைய விருந்தாளியும் இல்லை என்றேன். "ஹேண்டிகேப் சான்று?" அதுவும் இல்லை. "அப்படியானால் இன்று சிரமம்" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் ஐம்பது நிமிடம், காற்றில் காது அடைத்துப் போக, மட்டைப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோலைப் பார்த்துத்தான் அனுப்பினார் என்று அன்றைக்கு முழுக்க முடிவாக நினைத்தேன். பல வருடம் இந்தக் கதையை அப்படியே சொல்லியும் வந்தேன்.

மே 7

நேற்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், எழுதும்போதே விரல் தயங்கியது. எனக்கு முன்னால் வரிசையில் ஒரு ஆள் இருந்தார், கிளாஸ்கோ பேச்சு. அவரிடமும் அதே கேள்வி, "யாருடைய விருந்தாளி?" அவரிடம் சான்று இருந்தது, எடுத்துக் காட்டினார், கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போனார். என்னிடம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தெரியாது. இல்லாததால் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கதையில் அந்த கிளாஸ்கோக்காரரைப் பதினான்கு வருடமாக நான் வெட்டிவிட்டுத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஹேண்டிகேப் சான்று என்பது வெளியாளுக்கு ரேஷன் கார்டு மாதிரி. நீ யார் என்று கேட்பதற்குப் பதிலாக எத்தனை அடியில் முடிப்பாய் என்று கேட்கிறார்கள். அதைக் கேட்பதில் எனக்கு இப்போது குறை இல்லை. சார், கோவையிலிருந்து கிளம்பும் முன் உங்கள் கிளப்பில் ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மே 9, வெள்ளி

"தனியார் கிளப் எதற்கு உண்டாச்சு, வெளியாள் வேண்டாம் என்றுதானே?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். சரியாகப் பிடித்தார். மியூர்ஃபீல்ட் கூட்டத்தின் கதையே அதுதான். முதலில் லீத் பொது மைதானத்தில் ஆடினார்கள். அங்கே நெரிசல், 1836-ல் மசல்பராவுக்குப் போனார்கள். அதுவும் பொது மைதானம். ஊர்க்காரர்கள், மீன்காரப் பெண்கள், மற்ற கிளப்புகள் எல்லோரும் ஒன்பதே ஹோலில். பொறுக்க முடியாமல் 1891-ல் மியூர்ஃபீல்டில் சொந்த இடம் போட்டுக்கொண்டார்கள். போகும்போது ஓப்பனையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். 1892 ஓப்பன் அங்கே நடந்தது, மசல்பராக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். 1874 முதல் 1889 வரை ஆறு ஓப்பன் நடத்திய ஊருக்கு அதன் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆக, கூட்டத்திடமிருந்து தப்பி ஓடியவர்கள்தான் வேலி போட்டார்கள். வேலி போட்ட பிறகும் வாரத்தில் இரண்டு நாள் திறந்து வைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மசல்பரா பழைய மைதானம் இன்றும் இருக்கிறது. கோவைக்காரர் கட்டாயம் போக வேண்டும். 1672-லேயே அங்கே ஆடியதற்கு எழுத்தில் சான்று உண்டு. அந்தக் காலத்து ஹிக்கரி மரப்பிடி மட்டைகளை வாடகைக்குக் கொடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஆடலாம். இன்றைக்கு உலகம் முழுக்க கோல்ஃப் குழிக்கு நாலேகால் அங்குல அகலம் என்று இருக்கிறதே, 1829-ல் மசல்பராவில் குழி வெட்டச் செய்த கருவியின் அளவு அது.

மைதானம் குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவில் இருக்கிறது. பந்து பாதையைத் தாண்டிப் போகும், தண்டவாளம் மாதிரி இருக்கிற வெள்ளைக் கம்பியில் பட்டுத் திரும்பியும் வரும். முதல் தடவை அங்கே நின்றபோது கிண்டி ஞாபகம் வந்துவிட்டது. ஜிம்கானா கோல்ஃபும் பந்தயப் பாதைக்கு நடுவில்தானே இருந்தது.

மே 11, ஞாயிறு

சரி, இப்போது மெம்பராக என் புலம்பல். கோவைக்காரரின் பக்கம் நியாயமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

நேற்று மத்தியானம் எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர், கல்யாண மாப்பிள்ளையும் தோழர்களும். மாப்பிள்ளைக்குக் கோழி வேஷம். ஐந்தாவது ஹோலில் கோழியின் மட்டை மரத்தில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்க இன்னொரு மட்டையை வீசினார்கள், அதுவும் மாட்டிக்கொண்டது. மூன்றே கால் மணி நேரத்தில் முடிக்கிற ஆட்டம் ஐந்து மணி நேரம் ஆனது. அது போகட்டும். பதினொன்றாவது கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், நான் எண்ணிப் பார்த்தேன், பந்து விழுந்த பள்ளம் ஒன்பது, ஒன்றைக்கூட யாரும் சரிசெய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன முள்கரண்டியை எடுத்து ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தள்ளி, மட்டையின் அடியால் தட்டினால் பத்து வினாடி வேலை. அதை அன்றைக்கே செய்தால் சீக்கிரமே புல் சேர்ந்துவிடும். விட்டுவிட்டால் வட்டமாகக் கருகி, இரண்டு மூன்று வாரம் அம்மைத் தழும்பு மாதிரி கிடக்கும். நான் குனிந்து குனிந்து ஒன்பதையும் சரிசெய்தேன். கூட ஆடியவர், "நீ வெளியாள்களுக்கு ஆதரவா எழுதுற ஆள்தானே, செய், செய்" என்றார்.

ஆனால் கோழிக் கூட்டம் கட்டிய பணம் இல்லாவிட்டால் சந்தா ஏறும். எவ்வளவு என்று பொருளாளரைக் கேட்டேன். "தலைக்கு இருநூறு பவுண்டுக்குக் குறையாது" என்றார். அதைக் கேட்டதும் கோழி கொஞ்சம் அழகாகத் தெரிந்தது.

மே 11, கொஞ்சம் கழித்து

ஒன்பது பள்ளத்தில் இரண்டு என் பந்து விழுந்ததாகவும் இருக்கலாம். மூன்றாவது அடி, நினைவு வருகிறது.

மே 14, புதன்

வரி பற்றி யாரும் பேசவில்லை. சலிப்பான விஷயம்தான், ஆனால் கதவை இழுத்துச் சாத்துவதும் திறப்பதும் பல சமயம் இதுதான்.

அமெரிக்காவில் மெம்பர்கள் நடத்துகிற கிளப்புக்கு வருமான வரி விலக்கு உண்டு. நிபந்தனை: பொதுமக்களிடமிருந்து வருகிற வசூல் மொத்த வரவில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விலக்கே போகலாம். அப்படியிருக்க எந்தச் செயலாளர் தெருவில் போகிறவரைக் கூப்பிடுவார்? அங்கே வெளியாள் வராததற்கு முழுக் காரணமும் திமிர் என்று மூன்றாம் தேதி எழுதும்போது நினைத்திருந்தேன். பாதிக் காரணம் கணக்குப்பிள்ளை.

பிரிட்டனில் நேர் எதிர். லாப நோக்கில்லாத கிளப்பில் மெம்பர் சந்தாவுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, வெளியாள் கட்டும் கட்டணத்துக்கு மட்டும் 20 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டார்செட்டில் பிரிட்போர்ட் என்ற ஊரின் கிளப் கோர்ட்டுக்குப் போனது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஆடுகிறவன் மெம்பரா வெளியாளா என்று பார்த்து வரி போட முடியாது, இரண்டு பேரும் ஆடுவது ஒரே ஆட்டம்தான். பழைய வரியைக்கூட கிளப்புகள் திரும்பக் கேட்டு வாங்கின. "இரண்டு பேரும் ஆடுவது ஒரே ஆட்டம்" என்று ஒரு வரித் தீர்ப்பைப் படித்து மனசு நெகிழ்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மே 18, ஞாயிறு

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஓல்டு கோர்ஸ் மைதானம் பற்றி இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், அது தனியார் இல்லை. ஆர் அண்ட் ஏ கிளப்பின் கல்கட்டடம் முதல் டீக்குப் பின்னாலேயே நிற்பதால் மைதானமும் அவர்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். மைதானம் ஊருக்குச் சொந்தம், ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. ஆடுவதற்கு இரண்டு நாள் முன்னால் பெயர் கொடுத்தால் குலுக்கலில் எடுப்பார்கள். 1552-ல் ஒரு பேராயர் கையெழுத்துப் போட்ட பத்திரம் இருக்கிறது. ஊர் மக்கள் அங்கே கோல்ஃப், கால்பந்து, அம்பு எய்தல் எல்லாம் ஆடலாம், பதிலுக்குப் பேராயர் அங்கே முயல் வளர்த்துக்கொள்வார். 1797-ல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தை விற்று, அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. மட்டைக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் இருபது வருடச் சண்டை, வழக்கு. 1821-ல் பக்கத்து நிலக்கிழார் ஒருவர் வாங்கி மீட்டார். முயல் போட்ட குழிகளில் கால் சிக்கிய கோபம் இன்னும் அந்த ஊரில் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஓல்டு கோர்ஸ் மூடியிருக்கும், யாருக்கும் ஆட்டம் இல்லை. அன்றைக்கு ஊர் அங்கே நடக்கப் போகும். நாய், தள்ளுவண்டிக் குழந்தை, ஐஸ்கிரீம். 2017-ல் அம்மா வந்திருந்தபோது அழைத்துப் போனேன். கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவர், குளிர் ஒன்றும் புதிதில்லை. சுங்குடிச் சேலை, மேலே என் பழைய மழைக்கோட்டு, காலில் வெள்ளை ஷூ. பதினெட்டாவது ஹோலின் புல்வெளி ஓரத்தில் வந்து நின்றுகொண்டு புல்லில் கால் வைக்கவே மாட்டேன் என்கிறார். "யாராவது திட்டுவாங்கடா." யாரும் திட்ட மாட்டார்கள் என்று சொல்லி, ஒரு நாய் ஓடுவதைக் காட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். ஸ்வில்கன் பாலத்தின் கல்லில் ஏறி நின்றதும் கேட்டார்: "இது நம்ம ஊர் மாதிரி தனியாரா?"

பாதிதான் புரிந்தது அன்றைக்கு. கொடைக்கானலில் பத்து வயதில் நான் தினமும் வேலி புகுந்தவன். தூண் பாறைக்குப் போகிற வழியில் இருக்கிற கோல்ஃப் கிளப், 1895-ல் தொடங்கியது. காட்டுமாடுகள் பகலிலேயே உள்ளே மேயும், அவற்றை யாரும் சான்று கேட்க மாட்டார்கள். நாங்கள் நாலு பையன்கள் புதரில் தொலைந்த பந்தைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, தொலைத்தவர்களுக்கே விற்போம். முழுசாக இருந்தால் இரண்டு ரூபாய், வெட்டுப்பட்டது எட்டணா. அம்மா திட்டுவார், "மத்தவங்க எடத்துல என்னடா வேலை?" ஒரு தடவைகூட யாரும் எங்களை அடித்ததில்லை, உள்ளே வா என்று கூப்பிட்டதும் இல்லை.

மே 20

"சுற்றுலாப் பயணிகள் அங்கே காசு கட்டி ஆடலாமே" என்று கொடைக்கானல்காரர் ஒருவர். ஆடலாம், அதை நான் மறுக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு வழி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பையனுக்கு இருந்த வழி முள்கம்பிதான்.

மே 24, சனி

போன குறிப்பு எழுதியதிலிருந்து மனசு வேறு பக்கம் திரும்பிவிட்டது. நாம் எல்லோரும் "வெளியாள்" என்று சொல்லும்போது விமானத்தில் வருகிற, கிரெடிட் கார்டு வைத்திருக்கிற ஆளைத்தான் நினைக்கிறோம். அவருக்கு உலகத்தில் எந்தக் கதவும் ரொம்ப நாள் மூடியிருக்காது. ஓல்டு கோர்ஸில் 2025 கோடைக் கட்டணம் 340 பவுண்டு. டர்ன்பெரியில் அதே 2025-ல் ஓட்டலில் தங்காமல் காலை நேரத்தில் ஆட வந்தால் ஆயிரம் பவுண்டு. அது கிளப் இல்லை, டிரம்பின் ரிசார்ட், ஆனாலும் சுற்றியுள்ள கிளப்புகளும் அதைப் பார்த்து விலை போடும் என்று எனக்குப் படுகிறது. ஆயிரம் பவுண்டு வாங்கிக்கொண்டு "எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ளூர்க்காரருக்குத் தனி வருடச் சீட்டு உண்டு, வெளியூர்க்காரர் நாலைந்து ஆட்டத்துக்குக் கொடுக்கிற பணத்தைவிடக் குறைவு. அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வடக்கே போனால் இன்னொன்று பார்க்கலாம். சின்ன ஒன்பது ஹோல் மைதானம், ஆளே இருக்க மாட்டார்கள், மரப்பெட்டி ஒன்று சுவரில். உறையில் பணம் வைத்துப் போட்டுவிட்டு ஆட வேண்டியதுதான். நம் கோயில் உண்டியல் மாதிரியே. நான் போன இடத்தில் பதினைந்து பவுண்டு என்று எழுதியிருந்தது, என்னிடம் இருபது நோட்டுதான் இருந்தது. மீதி ஐந்து பவுண்டை அந்தப் பெட்டி இன்னும் எனக்குத் தர வேண்டும்.

வேலிப் பையன்கள் என்ன ஆவார்கள் என்பதற்கு எஸ்.எஸ்.பி. சௌராசியா போதும். அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிப்பவர். 1829-ல் தொடங்கிய கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழையது கிடையாது. மைதானத்திலேயே வளர்ந்த பையன், இந்தியன் ஓப்பனை 2016, 2017 என்று இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தார். பெங்களூர் சின்னசாமி முனியப்பா மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமக்கிற கேடியாக இருந்தவர், 2009-ல் அதே பட்டம். இவர்கள் யாரும் ஆட்டக் கட்டணம் கட்டி உள்ளே வந்தவர்கள் இல்லை.

ஜூன் 2, திங்கள்

"அது சரி, எங்கள் நிலம், எங்கள் பணம், எங்கள் விதி" என்று மறுபடி கோவைக்காரர். உங்கள் கிளப் நிலம் சொந்தப் பத்திரத்தில் இருந்தால் சண்டை போட மாட்டேன். ஆனால் அரசுக் குத்தகை நிலத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. கிண்டியில் ரேஸ் கிளப்பின் 160 ஏக்கர், 1945-ல் 99 வருடக் குத்தகை. 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து சீல் வைத்தது. ஹாங்காங்கில் ஃபான்லிங் மைதானம், 172 ஹெக்டேரில் 32-ஐ 2023 செப்டம்பர் 1-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, வீடு கட்ட. இரண்டு ஊரிலும் மைதானத்துக்காகப் பரிந்து பேசியதில் உள்ளே ஆடியவர்களின் குரல்தான் என் காதில் அதிகம் விழுந்தது. ஊரில் பத்தாயிரம் பேர் வருடத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே நடந்திருந்தால் குரல் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாது.

ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சட்டப்படி எந்த கோல்ஃப் மைதானத்தையும் யாரும் குறுக்கே நடந்து கடக்கலாம், கிரீனில் கால் படக் கூடாது, ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. ஆடும் உரிமை இல்லை, நடக்கும் உரிமை உண்டு. எங்கள் ஏழாவது ஹோலில் தினமும் ஒரு பாட்டி காய்கறிப் பையோடு குறுக்கே போவார். நாங்கள் மட்டையை இறக்கிக்கொண்டு நிற்போம். அவர் அவசரப்பட்டு ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

ஜூன் 7, சனி, இரவு

இன்றைக்கு எங்கள் கிளப் பொதுக்கூட்டம். தீர்மானம்: சனிக்கிழமை இரண்டரை மணிக்குப் பிறகு வெளியாட்கள் நாலு குழு வரை ஆடலாம். ஒரு மாதமாக இங்கே பக்கம் பக்கமாக எழுதிய ஆள் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

எதிர்த்துக் கை தூக்கினேன்.

சனி இரண்டே முக்கால் என் நேரம். ஜூனில் இங்கே இரவு பத்து வரை வெளிச்சம், மெடல் போட்டிக்காரர்கள் எல்லாம் முடித்துப் போயிருப்பார்கள், காற்று தணியும், மகனும் நானும் மட்டும். கை தானாகப் போய்விட்டது. தீர்மானம் நாலு ஓட்டில் தோற்றது. வெளியே வரும்போது கோழிக்கதை நண்பர் தோளில் தட்டி, "இணையத்தில் எழுது, நாளைக்கு" என்றார். எழுதிவிட்டேன்.

அடுத்த தீர்மானம் ஒன்று, யாரும் கவனிக்காமல் நிறைவேறியது: ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் திங்கள், புதன் மாலை நாலரைக்குப் பிறகு இலவசமாக ஆடலாம், மட்டையும் கிளப்பே தரும். அதை எழுதிக் கொடுத்தவன் நான். மதிப்பெண் போட்டுக்கொள்வதற்காகச் சொல்லவில்லை, சனிக்கிழமையைக் காப்பாற்றிக்கொள்ளத் திங்கட்கிழமையைக் கொடுத்தேனோ என்று சந்தேகமாகவும் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

கோவைக்காரர் வந்தார். நேற்று மசல்பராவில் ஹிக்கரி மட்டையில் ஒன்பது ஹோல் ஆடிவிட்டு, பந்தயப் பாதையில் நின்று மகளுக்குப் படம் அனுப்பிவிட்டு, இன்று என் விருந்தாளியாக எங்கள் கிளப்புக்கு. நல்ல ஆட்டம், என்னைவிட நேராக அடிக்கிறார். கிரீனில் பள்ளம் பார்த்தால் தன்னுடையது இல்லாவிட்டாலும் குனிந்துவிடுகிறார்.

நாலாவது ஹோலில் மாட்டிக்கொண்டோம். முன்னால் நாலு பேர், ஒவ்வொரு அடிக்கும் கூடிப் பேச்சு, காற்றைச் சோதிக்கப் புல்லைக் கிள்ளிப் போடுவது, மறுபடி பேச்சு. ஐந்தாவதிலும் அப்படியே. கோவைக்காரர் பையில் சாய்ந்து நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"யார் சார் இவங்க, விசிட்டர்ஸா?"

"இல்லை சார், எங்கள் மெம்பர்கள். சிவப்புத் தொப்பி போட்டிருக்கிறாரே, அவர்தான் இந்த வருடக் கேப்டன்."

ஆறாவதில் வழி விட்டார்கள். கேப்டன் கோவைக்காரரைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, எந்த ஊர் என்று கேட்டார். இவர் சொன்னார். கோவையில் எங்கள் கிளப்புக்கு வாருங்கள், எப்போது வேண்டுமானாலும் ஆடலாம் என்று அழைப்பும் கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை வேண்டாம் என்பதை மட்டும் என்னிடம் தமிழில் சொன்னார்.